கில்பெக் கோயிலின் நாயும் முயலும்

எங்கள் அப்பா கோயில்குட்டியாக இருந்தவர். திருநெல்வேலிச் சீமைக்கு வெளியே இந்தச் சொல் பலருக்குப் புரியாது. விடியுமுன் எழுந்து மணியடிப்பது, பெஞ்சு துடைப்பது, திருவிருந்து மேசைக்கு வெள்ளைத் துணி விரிப்பது, கல்யாணத்துக்கும் அடக்கத்துக்கும் கதவைத் திறந்துவிடுவது, எல்லாரும் போன பிறகு பூட்டுவது. இவ்வளவும் செய்கிறவர்தான் கோயில்குட்டி. தேவாலயம் என்பது போர்டில் எழுதும் சொல். எங்கள் வாயில் அது கோயில்தான். அவருக்குப் பிள்ளையாகப் பிறந்ததாலோ என்னவோ, எந்த ஊர்க் கோயிலுக்குப் போனாலும் என் கண் முதலில் தரைக்குத்தான் போகும். பெருக்கியிருக்கிறதா, மெழுகுத் துளியைச் சுரண்டியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் தலை நிமிரும்.

2014இல் பர்மிங்காமில் வேலையாக இருந்தேன். பக்கத்து மேசைக்காரர் தன் கணினித் திரையில் ஒரு படம் வைத்திருந்தார். ஒரு நாயும் முயலும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. முயலுக்கு நீண்ட காது, நாய்க்குத் தொங்கும் காது, இரண்டுக்கும் உருண்டைக் கண். ஒன்றையொன்று துரத்த வேண்டியவை ஒரே வீட்டுப் பிள்ளைகள் போல நம்மைப் பார்க்கின்றன. "இது எந்தக் கார்ட்டூன்?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "கார்ட்டூன் இல்லை. ஒரு கிராமத்துக் கோயிலின் கூரைக்குக் கீழே இருக்கும் கல். வயது எண்ணூற்றைம்பதுக்கு மேல்" என்றார். ஊர் பெயர் கில்பெக், ஹெரஃபோர்டுஷயரில், வேல்ஸ் எல்லைக்கு அருகில்.

மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் கிளம்பினேன். வூஸ்டர், மால்வர்ன், லெட்பரி என்று ரயில் ஒன்றரை மணி நேரத்தில் ஹெரஃபோர்டில் கொண்டுபோய் விட்டது. அங்கிருந்து ஆபர்கவெனி போகும் சாலையில் பஸ். கில்பெக்குக்குப் பிரியும் இடத்தில் இறங்கியது நான் ஒருவன்தான். பிறகு நடை. இரண்டு பக்கமும் வேலி. வேலியெல்லாம் வெள்ளைப் பூ. உழுதுபோட்ட ஒரு வயலைத் தாண்டும்போது நின்றுவிட்டேன். மண் அப்படியொரு சிவப்பு. எங்கள் பக்கத்துத் தேரிக்காட்டைச் சுருட்டி எடுத்து வந்து இங்கே ஈரமாக்கி விரித்தது போல இருந்தது. ஹெரஃபோர்டுஷயர் மண் சிவப்பு, அந்த மண்ணுக்கு அடியிலிருக்கும் மணற்பாறையும் சிவப்பு. கில்பெக் கோயிலும் அந்தக் கல்லால் கட்டியதுதான் என்பது, சாலை திரும்பி அது கண்ணில் பட்டவுடனே புரிந்தது. நிலத்திலிருந்து முளைத்த மாதிரி நின்றது.

சின்னக் கோயில். எங்கள் ஊர்க் கோயிலில் பாதி இருந்தால் அதிகம். மேற்கே சபையார் உட்காரும் கூடம், அதற்குக் கிழக்கே அதைவிடச் சிறிய ஓர் அறை, அதற்கும் கிழக்கே அரைவட்டமாக முடியும் பீடப் பகுதி. பெரிய பெட்டி, சின்னப் பெட்டி, அரை வட்டம்: குழந்தை தீப்பெட்டிகளை அடுக்கி விளையாடியது போன்ற அமைப்பு. 1140 வாக்கில் கட்டியது என்கிறார்கள். கூடத்தின் வடகிழக்கு மூலையில் அதற்கும் முந்தைய ஒரு கோயிலின் சுவர்த் துண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது. நார்மன்கள் வருமுன் இது வேல்ஸ்காரர்களின் நிலம். மரியாளோடு புனிதர் டேவிட்டின் பெயரும் இந்தக் கோயிலுக்கு உண்டு.

உள்ளே போகுமுன் ஒரு சுற்றுச் சுற்றினேன். பிரகாரம் சுற்றுவது மாதிரி என்று எழுதினால் எங்கள் உபதேசியார் கோபிப்பார். ஆனால் அப்படித்தான் சுற்றினேன். கூரை விளிம்புக்குக் கீழே, கோயிலைச் சுற்றி வரிசையாகக் கற்கள் துருத்திக்கொண்டு நிற்கின்றன. கூரைவிளிம்பைத் தாங்கும் இந்தக் கற்களைக் கார்பெல் என்பார்கள். கொத்தனார் வேலைக்கு மொட்டைக் கல்லே போதும். கில்பெக்கில் ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் கொடுத்திருக்கிறார்கள். பன்றி, ஆடு, கரடி, பறவை, வாயில் ஆளைக் கவ்விய மிருகம், கட்டிப்பிடித்துக்கொண்ட இருவர், பிடில் போன்ற ஒன்றை வாசிக்கும் ஒருவன். சிலுவையோடு நிற்கும் தேவ ஆட்டுக்குட்டியும் இந்தக் கூட்டத்தில் ஒன்று. ஆட்டுக்குட்டியைவிடக் குதிரை போலத் தெரிந்தது. கணினித் திரையில் பார்த்த நாயும் முயலும் இதோ இருந்தன. நேரில் இன்னும் சிறியவை. நான் ஒரு சுற்றில் 83 எண்ணினேன், அடுத்த சுற்றில் 86. உள்ளே வைத்திருந்த தகவல் தாள் தீர்ப்புச் சொன்னது: முதலில் இருந்தவை 91, இன்று மிஞ்சியவை 85.

அந்த 85இல் ஒன்றின் முன் நான் நின்ற நேரம் அதிகம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மொட்டைத் தலை, பெரிய கண்கள், ஒட்டிய உடம்பு. இரண்டு கைகளாலும் தன் பெண்குறியை அகல விரித்துக் காட்டிக்கொண்டிருக்கும் ஒரு பெண். ஷீலா நா கிக் என்று பெயர். இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் பல பழைய கட்டடங்களில் இருக்கிறாள். காமத்துக்கு எதிரான எச்சரிக்கை என்று ஒரு சாரார், பிள்ளை வரம் என்று ஒரு சாரார், கண்ணேறு கழிக்க வைத்தது என்று ஒரு சாரார். எனக்கு எங்கள் பள்ளிக்கூடத்துச் சுற்றுலா ஞாபகம் வந்தது. கிருஷ்ணாபுரம் கோயில் சிற்பங்களைக் காட்டக் கூட்டிப்போன வாத்தியார், சில தூண்கள் வரும்போது மட்டும் "நட, நட" என்று அதட்டிக்கொண்டே வந்தார். இங்கிலாந்திலும் அந்த வாத்தியார் இருந்திருக்கிறார். ஜார்ஜ் ராபர்ட் லூயிஸ் என்ற ஓவியர் 1842இல் கில்பெக் சிற்பங்களையெல்லாம் வரைந்து புத்தகமாகப் போட்டார். இந்தப் பெண்ணை மட்டும் அவர் ஒரு முட்டாள் ஆணாக்கி, அந்தத் திறப்பை நெஞ்சில் உள்ள வெட்டாக்கி, இதயம் எல்லோருக்கும் திறந்திருப்பதைக் காட்டுகிறது என்று விளக்கமும் சொல்லிவிட்டார். படத்தில் மாறினாள், கல்லில் மாறவில்லை.

தெற்கு வாசல்தான் இந்தக் கோயிலின் கிரீடம். வளைவுக்கும் நிலைக்கும் நடுவிலுள்ள அரைவட்டக் கல்லில் ஒரு கொடி, பழம் தொங்குகிறது. ஜீவ விருட்சம் என்கிறார்கள். வளைவைச் சுற்றிப் பறவைகள், மிருகங்கள், விழுங்கவும் கக்கவும் செய்யும் பாம்புகள். வலப்பக்கத் தூணின் உச்சியில் ஒரு முகம். அதன் வாயிலிருந்து கொடியும் இலையும் வழிகின்றன. இடப்பக்கத் தூணில் இரண்டு வீரர்கள், ஒருவர் தலைக்கு மேல் ஒருவராக, கொடிக்குள் சிக்கியிருக்கிறார்கள். கணுக்கால் வரை கோடு கோடாகக் கால்சட்டை. அந்தக் கோடு ஒவ்வொன்றும் நேற்று உளி பட்டது போல நிற்கிறது. விரல் வைத்தால் நகம் இறங்கும் ஆழம். வைக்கவில்லை. அப்பா அடித்திருப்பார்.

மேற்குச் சுவரில் ஒன்று பார்த்தேன். மூலைகளிலிருந்து யாளித் தலை போன்ற தலைகள் வாயைப் பிளந்துகொண்டு நீண்டிருக்கின்றன; பிளந்த வாய்க்குள் நாக்கு சுருண்டிருக்கிறது. வைக்கிங்குகளின் கப்பல் முகப்பைச் சொல்லி ஒப்பிடுவார்கள். கொடியும் பாம்பும் பின்னுவதில் அதே வைக்கிங்குகளின் கை, உள்ளே செதுக்கியிருக்கும் அப்போஸ்தலர் உருவங்களில் ஸ்பெயின், பிரான்சின் சாயல். எங்கோ பார்த்ததையெல்லாம் ஒரு சிற்பிக் கூட்டம் இந்தச் செம்மண்ணில் கொண்டுவந்து கலந்திருக்கிறது. கலை வரலாற்றுக்காரர்கள் அவர்களுக்கு ஹெரஃபோர்டுஷயர் மரபு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சிற்பிகளின் சொந்தப் பெயர் ஒன்றுகூட நமக்கு வந்து சேரவில்லை.

கதவு பூட்டியிருக்கவில்லை. உள்ளே நுழையும்போது பழக்க தோஷத்தில் ஷூவைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டேன். கல்தரையின் குளிர் காலுறையைத் தாண்டி முழங்கால் வரை ஏறியது. உள்ளே ஒரு பாட்டியம்மா பூச்சாடிக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தார்.

"செருப்பைக் கழற்ற வேண்டியதில்லையே" என்றார்.

"எங்கள் ஊரில் கழற்றுவோம், அம்மா. நானும் இதே சபைக் குடும்பம்தான்."

"அப்படியென்றால் நான் இத்தனை வருஷம் தேய்த்த தரைக்கு மரியாதை செய்த முதல் ஆள் நீங்கள்தான்."

பிறகு அவரே சுற்றிக் காட்டினார். பீடப் பகுதிக்குப் போகும் வளைவின் இரண்டு பக்கமும் மூன்று மூன்று அப்போஸ்தலர்கள், ஒருவர் மேல் ஒருவராக. ஒருவர் கையில் சாவி: பேதுரு. தூணே ஆளாகிவிட்டது போன்ற ஒடுங்கிய உருவங்கள். தீர்த்தத் தொட்டி ஒன்றைக் காட்டியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல் தொப்பை ஒன்றை இரண்டு கல் கைகள் கட்டிக்கொண்டிருக்கின்றன, விருந்து முடிந்த மாமா மாதிரி. சிலை உடைப்பவர்கள் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்துக் கோயில்களில் ஆடிய ஆட்டம் கொஞ்சமல்ல. இந்த அப்போஸ்தலர்களும் இந்தத் தொப்பைக்காரரும் எப்படித் தப்பினார்கள் என்று கேட்டேன். அவர் தோளைக் குலுக்கினார். "இங்கே யாருக்கும் பணம் இல்லை. உடைக்கவும் ஆள் வரவில்லை, புதுசாகக் கட்டவும் ஆள் வரவில்லை."

அவருடைய கவலை வேறு. ஆயருக்குப் பல கோயில்கள். எல்லா ஞாயிறும் இங்கே ஆராதனை இல்லை. மழைநீர்த் தகரத்தில் இலை அடைத்தால் தண்ணீர் சுவரில் இறங்கும். அந்த நாட்டுக் கோயில்களுக்கு அப்போது பெரிய எதிரி கூரை ஈயத்தைத் திருடி எடைக்குப் போட்டவர்கள். "கல்லை யார் தூக்கப்போகிறார்கள்? ஆனால் ஈயம் போனால் தண்ணீர் வரும், தண்ணீர் வந்தால் கல் போகும்" என்றார். இதை எங்கள் அப்பா தமிழில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவருக்கு ஈயத்துக்குப் பதில் ஓடு.

வெளியே வந்து மேற்கே ஏறினேன். கோயிலை ஒட்டியே ஒரு மண்மேடு. மேலே கோட்டைச் சுவரின் உடைந்த துண்டுகள். கோயில் கட்டப்பட்ட காலத்தில் ஊரின் அதிகாரம் இந்த மேட்டில்தான் இருந்தது. ஜான் மன்னர் வந்து தங்கிய கோட்டை. 1640களின் உள்நாட்டுப் போரோடு இதன் கதை முடிந்தது. கோயிலுக்கு மறுபக்கத்தில் புல்லுக்கு அடியில் மேடும் பள்ளமுமாகத் தெரிவது ஒரு பழைய ஊரின் தடம். வீடும் இல்லை, ஆளும் இல்லை. கோட்டை போய்விட்டது, ஊர் போய்விட்டது. நாயும் முயலும் இருக்கின்றன.

அன்று ராத்திரி அப்பாவுக்கு போன் போட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "ஏல, செருப்போட உள்ள போகலியே?" இரண்டாவது, "கூட்டிப் பெருக்க ஆள் இருக்கா?" ஒரு பாட்டியம்மா இருக்காங்க என்றதும் நிம்மதியாகிவிட்டார். நாயையும் முயலையும் சொன்னேன். ஷீலாவைச் சொல்லவில்லை.

கில்பெக் ஏன் எனக்கு அப்படி ஒட்டிக்கொண்டது என்பது இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. பக்கத்து மேசைக்காரர், "பாதிதான் பார்த்திருக்கிறாய்" என்று தன் காரில் ஷாப்டனுக்குக் கூட்டிப்போனார். ஹெரஃபோர்டுஷயரின் வடக்கே இருக்கும் கிராமம். அங்கேயும் இதே காலத்தில், இதே மரபுச் சிற்பிகள் செதுக்கிய ஒரு கோயில் இருந்தது. கட்டியவர் ஆலிவர் டி மெர்லிமண்ட். மார்டிமர் பிரபுவின் காரியஸ்தர். ஸ்பெயினில் இருக்கும் சந்தியாகோ தி கொம்போஸ்தெலாவுக்கு யாத்திரை போய் வந்தவர். அந்தப் பாதையில் பார்த்த கோயில்களின் நினைவு இந்த மரபில் இருப்பதாகப் பலர் சொல்வது அவரை வைத்துத்தான்.

1750களில் ஷாப்டனை வைத்திருந்த பேட்மன் குடும்பத்தாருக்குப் பழைய கோயில் பிடிக்கவில்லை. அன்றைய நாகரிகத்துக்கு ஏற்றபடி புதிதாகக் கட்ட ஆசை. கட்டினார்கள். புதுக் கோயில் இன்றும் இருக்கிறது: உள்ளே வெள்ளையும் வெளிர்நீலமுமாக, கிறிஸ்துமஸ் கேக் மேல் போட்ட ஐசிங் போல. அழகில்லை என்று சொல்ல மாட்டேன். இடித்த கோயிலின் செதுக்கிய வளைவுகளைத் தூக்கி எறிய அவர்களுக்கும் மனம் வரவில்லை. பீடத்து வளைவையும் இரண்டு வாசல்களையும் கழற்றி, புல்வெளிப் பாதையின் கோடியில் ஒரு மேட்டின் மேல் வரிசையாக நிறுத்தி வைத்தார்கள். அவர்களுடைய மாளிகையிலிருந்து பார்த்தால் கண்ணுக்கு ஒரு காட்சியாக இருந்திருக்கும்.

அந்த மேட்டுக்கு நடந்து போனோம். மூன்று வளைவுகள் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. மேலே கூரை இல்லை. கிட்டப் போய்ப் பார்த்தேன். தூண் இருக்கிறது, தூணில் புடைப்பு புடைப்பாக ஏதோ இருக்கிறது. சப்பி எடுத்த பனங்கொட்டை போல எல்லாம் வழவழத்துக் கிடந்தது. அது வீரனா, கொடியா, பாம்பா, ஒன்றும் தெரியவில்லை. நண்பர் கைப்பேசியில் ஒரு படம் காட்டினார். கில்பெக்கை வரைந்த அந்த லூயிஸ்தான் 1852இல் ஷாப்டனையும் வரைந்து புத்தகமாக்கியிருக்கிறார். படத்தில் உருவங்கள் இருந்தன. கண்ணெதிரே கல் மட்டும் இருந்தது. சுமார் 600 வருஷம் கூரைக்குக் கீழே கோயிலாக இருந்ததை 260 வருஷத்து மழையும் பனியும் நக்கித் தீர்த்துவிட்டன. ஒரே மரபு, ஒரே காலம். கில்பெக்கில் கால்சட்டையின் கோடு எண்ண முடிகிறது. ஷாப்டனில் கால் எது என்று தெரியவில்லை.

யாரும் உடைக்கவில்லை. வெறுப்பில் யாரும் சுத்தியல் எடுக்கவில்லை. அழகாக இருக்கிறதே என்று பத்திரமாக எடுத்து வைத்ததால் அழிந்தது. அதுதான் என்னை அந்தப் புல்லில் உட்கார வைத்தது.

ஏனென்றால் எங்கள் ஊரிலும் அதைத்தான் செய்தோம். மிஷனரி காலத்துக் கோயில் எங்களுடையது. ஓட்டுக் கூரை, கருங்கல் தூண், இரண்டு ஆள் சேர்ந்தால்தான் அசைக்க முடிகிற ஞானஸ்நானக் கல்தொட்டி. சபை பெருகியது, வெளிநாட்டிலிருந்து பணம் வந்தது, கமிட்டி கூடியது. பழைய கோயில் போய் கான்கிரீட் கோயில் வந்தது. உயரமான கோபுரம், உள்ளே டைல்ஸ், மின்விசிறி. எனக்கும் அப்போது பெருமையாகத்தான் இருந்தது. நானும் நன்கொடை கொடுத்தேன். கல்தொட்டியை எறிய யாருக்கும் மனம் வரவில்லை. "பத்திரமா இருக்கட்டும்" என்று வேம்படியில் கொண்டுவந்து வைத்தார்கள். அப்பா மட்டும் புதுக் கோயிலுக்குள் ஒரு மூலை கேட்டுப் பார்த்தார். டைல்ஸ் கீறும் என்றார்கள்.

என்னை முக்கி எடுத்த தொட்டி அது. அப்பாவையும், அவருடைய அப்பாவையும். அதன் விளிம்பைச் சுற்றி ஒரு கொடி செதுக்கியிருக்கும். எந்த ஊர் ஆசாரி செய்தது என்று கேட்டு வைக்க யாருக்கும் தோன்றவில்லை. ஹெரஃபோர்டுஷயரில் ஏர்ட்ஸ்லி, காசில் ஃப்ரோம் என்ற இரண்டு கிராமங்களில் இதே மரபுச் சிற்பிகள் செய்த ஞானஸ்நானத் தொட்டிகள் இருக்கின்றன. 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இன்றும் கோயிலுக்கு உள்ளேதான் நிற்கின்றன. உருவங்கள் தெளிவாக இருக்கின்றன.

பழையது எல்லாம் அப்படியே இருக்க வேண்டும் என்று சொல்ல நான் வரவில்லை. கில்பெக் கோயிலே பழைய கோயில் ஒன்றின் இடத்தில் வந்ததுதான். அந்த வடகிழக்கு மூலைச் சுவர் சாட்சி. 1840களில் அதையும் பழுதுபார்த்துத்தான் நிறுத்தினார்கள். கூட்டம் அதிகமானால் இடம் வேண்டும், மழை ஒழுகினால் கூரை வேண்டும். ஆனால் செதுக்கிய கல்லுக்குத் தன் கட்டடத்தில் ஒரு வேலை இருக்கும்வரைதான் அதற்கு ஆயுள். கில்பெக் முயல் இன்னும் கூரைவிளிம்பைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அதனால் அதன் காதுக்கு மேலே கூரை இருக்கிறது, கூரையைப் பார்த்துக்கொள்ள ஒரு பாட்டியம்மா இருக்கிறார். வேலையிலிருந்து எடுத்து வேடிக்கைக்கு நிறுத்திய ஷாப்டன் கல்லுக்கு இரண்டுமே இல்லை.

அப்பா இப்போது இல்லை. போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போயிருந்தேன். தொட்டி வேம்படியில்தான் இருக்கிறது. யாரோ அதில் மண் போட்டுச் செம்பருத்தி வைத்திருக்கிறார்கள். கொடியைத் தடவிப் பார்த்தேன். மேற்குப் பக்கம் பாதி மழுங்கிவிட்டது. கமிட்டியில் பேசியிருக்கிறேன். இந்த வருஷம் உள்ளே எடுத்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

உங்கள் ஊரிலும் கோயிலோ பள்ளிவாசலோ சாவடியோ, பழையதை எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டத் தீர்மானம் வரும். வரட்டும். கையெழுத்துப் போடுமுன் எழுந்து நின்று ஒன்று மட்டும் கேளுங்கள்: கழற்றுகிற கல் நாளைக்கு எந்தக் கூரைக்குக் கீழே இருக்கும்? பதில் வரும்வரை உட்காராதீர்கள்.